நெல் ஆலைக்கு எந்தக் காந்தம்: ஃபெரைட்டா, நியோடிமியமா?

பிசானப் பருவ நெல் அறுவடை தொடங்கிவிட்டால் நெல்லைச் சீமையில் அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், சேரன்மாதேவி பக்கத்துச் சாலைகளில் பாதி அகலம் நெல்லுக்குத்தான். களம் போதாதவர்கள் தார்ச்சாலையில் காயப்போடுகிறார்கள். பிறகு அள்ளும்போது நெல்லோடு சேர்ந்து வருகிற சாமான்களைப் பார்த்தால் ஒரு பழைய இரும்புக் கடையே வைக்கலாம்: லாரியிலிருந்து கழன்ற நட்டு, கட்டுக்கம்பித் துண்டு, லாடத்து ஆணி, அறுவடை எந்திரத்துச் சங்கிலியின் கண்ணி, மூட்டை தைக்கும்போது தவறிய கோணி ஊசி. இதில் ஒன்று, உமி நீக்கும் ரப்பர் ரோலுக்குள் போனால் ரோல் வெட்டுப்படும். அரிசியை மெருகேற்றும் பாலிஷர் வரை போனால் சல்லடை கிழியும். நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டருக்குள் உரசித் தீப்பொறி பறந்தால், உமித்தூசி நிறைந்த இடத்தில் அது எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே காந்தம் வேண்டுமா என்று எந்த ஆலை முதலாளியும் கேட்பதில்லை. எந்தக் காந்தம் என்றுதான் கேட்கிறார்கள். ஆலை எந்திரங்களைப் பொருத்தியும் பழுதுபார்த்தும் பிழைக்கிறவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. அண்மைக் காலமாகக் கையில் வண்ணப் புத்தகத்தோடு வருகிற விற்பனையாளர்கள் '12,000 காஸ்' (காஸ் என்பது காந்தப் புலத்தின் அலகு) என்ற ஒரே எண்ணைச் சொல்லி நியோடிமியம் தண்டுகளை விற்கிறார்கள். பழைய ஆலைகளிலோ எவர்சில்வர் உறைக்குள் கறுப்பாக ஒரு ஃபெரைட் தகடு யாரும் கவனிக்காமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெல் நுழையும் இடத்திலும், உலர்த்திக்குப் பிறகு ரப்பர் ரோலுக்கு முன்பும் ஃபெரைட் போடுங்கள். அரிசி மூட்டைக்குப் போகும் கடைசி வாயில் மட்டும் நியோடிமியம் போடுங்கள். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ஃபெரைட் வாங்குங்கள். காரணங்கள் கொஞ்சம் நீளம்.

பட்டியலிலிருந்து முதலில் இரண்டை அடித்துவிடலாம். மின்காந்தம் பெரிய கன்வேயர் உள்ள ஆலைகளுக்குச் சரிப்படும். ஆனால் மின்சாரம் நின்ற நொடியில் அது பிடித்து வைத்திருந்த இரும்பு மொத்தமும் பொத்தென்று நெல்லிலேயே விழும். அதைத் தடுக்கத் தனியாக ஓர் ஏற்பாடு வேண்டும், அந்த ஏற்பாட்டைப் பராமரிக்க ஓர் ஆளும் வேண்டும். அடுத்தது அல்நிகோ, அதாவது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த பழைய குதிரை லாடக் காந்தம். 500 டிகிரி சூட்டைக்கூடத் தாங்கும், ஆனால் எதிர்க் காந்தப் புலம் கொஞ்சம் பட்டாலே வலு இறங்கிவிடும். துருவங்களுக்குக் குறுக்கே இரும்புக் கட்டையை வைக்காமல் மாதக்கணக்கில் அலமாரியில் போட்டு வைத்தாலும் அதே கதிதான். புதிதாக வாங்குகிறவர் அதை நினைக்கவே வேண்டாம்.

மிச்சம் இரண்டு.

துருவிலிருந்து ஒரு காந்தம்

ஃபெரைட்டின் குணங்களெல்லாம் அது செய்யப்படும் விதத்திலேயே இருக்கின்றன. அதனால் அதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

மூலப்பொருள் இரண்டுதான். ஒன்று சிவப்பு இரும்பு ஆக்சைடு. நம் தேரிக்காட்டு மணலுக்குச் செம்மை தருகிற அதே ஹெமடைட். காந்தம் செய்யும் ஆலைகளுக்கு வருவது மணலிலிருந்து அல்ல. எஃகுத் தகட்டை அமிலத்தில் கழுவும்போது மிஞ்சும் கரைசலைச் சூட்டில் தெளித்து, அதிலிருந்து தூளாக எடுத்த ஆக்சைடைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். மற்றது ஸ்ட்ரான்ஷியம் கார்பனேட். எடைக் கணக்கில் ஏறத்தாழ ஏழில் ஆறு பங்குக்கு மேல் இரும்பு ஆக்சைடு, மீதி ஸ்ட்ரான்ஷியம் உப்பு. இரண்டையும் கலந்து 1,000 டிகிரிக்கும் மேலான சூட்டில் வறுத்தால் கரியமில வாயு வெளியேறி, ஸ்ட்ரான்ஷியம் அணு ஒன்றுக்கு இரும்பு அணு பன்னிரண்டு, ஆக்சிஜன் அணு பத்தொன்பது என்ற கணக்கில் ஒரு புதிய சேர்மம் உண்டாகிறது. அறுகோணப் படிகம். அந்தப் படிகத்தின் ஓர் அச்சின் வழியே மட்டும் காந்தம் நிற்க விரும்பும், பக்கவாட்டில் திருப்புவது கடினம். நிரந்தரக் காந்தமாக இருப்பதற்கு வேண்டிய பிடிவாதம் இதுதான்.

வறுத்த கட்டியை நீரில் இட்டு, ஏறத்தாழ ஒரு மைக்ரான் அளவு வரும்வரை அரைக்கிறார்கள். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சின்னதாக அரைப்பதற்குக் காரணம் உண்டு: அந்த அளவில் ஒவ்வொரு துகளும் ஒரே திசை கொண்ட தனிக் காந்தமாக நிற்கும். அந்தக் குழம்பை அச்சில் ஊற்றி, வெளியிலிருந்து காந்தப் புலம் கொடுத்துக்கொண்டே அழுத்தினால் துகள்கள் ஒரு திசைக்குத் திரும்பிப் படியும். பிறகு 1,200 டிகிரியை ஒட்டிய சூளை. காருகுறிச்சியில் பானை வனைகிறவருக்கு இது புதிதாகத் தெரியாது. ஈரமண்ணைப் போலவே இதுவும் சூளையில் சுருங்கும், சுட்டபின் ஓட்டைப் போலவே தட்டினால் உடையும். சுருக்கத்தால் அளவு பிசகுவதால் கடைசியில் வைரத்தூள் பதித்த சக்கரத்தில் தேய்த்துச் சரிசெய்கிறார்கள். அதுவரை அது காந்தமே ஆகியிருக்காது. மின்தேக்கிகளில் சேர்த்த மின்சாரத்தை ஒரு கணத்தில் கம்பிச் சுருளுக்குள் பாய்ச்சி, அந்தப் புலத்தில் வைத்தபின்தான் காந்தம் ஏறும். பெரும்பாலும் கடைசிப் படி அதுதான். காந்தம் ஏறிய துண்டை அறுக்கவும் தேய்க்கவும் முயன்றால் தூளெல்லாம் அதிலேயே ஒட்டிக்கொண்டு வேலை நாசமாகும்.

ஃபெரைட் என்ற பொருளை 1930-இல் தோக்கியோவில் கதோ, தக்கெய் என்ற இருவர் உருவாக்கினார்கள். பேரியம் சேர்ந்த நிரந்தரக் காந்த வகை 1950-களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் ஃபிலிப்ஸ் ஆய்வகத்தில் பிறந்தது. பிறகு பேரியத்தின் இடத்தை ஸ்ட்ரான்ஷியம் பிடித்துக்கொண்டது. இன்று உலகில் எடைக் கணக்கில் அதிகம் தயாராகும் நிரந்தரக் காந்தம் ஃபெரைட்தான். ஒலிபெருக்கி, கார் வைப்பர் மோட்டார், மைக்ரோவேவ் அடுப்பின் மேக்னட்ரான், குளிர்சாதனப் பெட்டியின் கதவு ரப்பர் எல்லாவற்றிலும் இருப்பது அதுவே. திருநெல்வேலி வானொலி நிலையத்தைக் கேட்ட பழைய டிரான்சிஸ்டருக்குள் கறுப்பாக ஒரு குச்சி இருக்குமே, அதுவும் ஃபெரைட் இனம்தான். ஆனால் அது காந்தத்தைப் பிடித்து வைக்காத மென் வகை, இந்தக் கட்டுரைக்கு வேண்டாதது.

இந்தச் செய்முறையிலிருந்து நமக்கு வேண்டிய இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. ஃபெரைட் ஏற்கெனவே ஆக்சைடு. துருப்பிடித்து முடிந்த பொருள் இன்னொரு முறை துருப்பிடிக்காது. தண்ணீரிலேயே கிடந்தாலும் கவலையில்லை. மற்றொன்று, அது சுட்ட ஓடு. சுத்தியல் பட்டால் சிதறும்.

நியோடிமியம் காந்தம் இதற்கு நேர்மாறு. நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த உலோகக் கலவை. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாதோ சகாவாவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் தனித்தனியே கண்டடைந்தது. வலு அபாரம், சந்தேகமில்லை. ஆனால் அதில் மூன்றில் இரண்டு பங்கு இரும்பு, அதுவும் துருப்பிடிக்கக் காத்திருக்கும் இரும்பு. நிக்கல் முலாம் ஒரு புள்ளியில் உரிந்தாலும் ஈரம் உள்ளே புகுந்து, காந்தம் உப்பிப் பொடியாக உதிரும்.

எண்களைப் படிக்கும் விதம்

காந்தத்தில் சேமிக்கக்கூடிய ஆற்றலை மெகா காஸ் ஆர்ஸ்டெட் என்ற அலகில் சொல்வார்கள். நல்ல ஃபெரைட்டுக்கு அது 3 முதல் 4 வரை. நியோடிமியத்துக்கு 35 முதல் 50 வரை. பத்து மடங்குக்கு மேல். எஞ்சும் காந்தப் புலம் ஃபெரைட்டில் 0.4 டெஸ்லாவை ஒட்டி, நியோடிமியத்தில் 1.1 முதல் 1.4 டெஸ்லா வரை (ஒரு டெஸ்லா என்பது 10,000 காஸ்). அடர்த்தியில் ஃபெரைட் ஒரு கன சென்டிமீட்டருக்கு 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு, நியோடிமியம் 7.5 கிராம்.

இதோடு விலையையும் பாருங்கள். கிலோவுக்கு ஃபெரைட்டின் விலை நியோடிமியத்தின் விலையில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கிறது. வலு பத்து மடங்கு, விலையும் பத்து மடங்கு என்றால் ஒரு ரூபாய்க்குக் கிடைக்கிற காந்தத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு இடத்தில்தான். கைப்பேசிக்குள்ளும் ஹெட்போனுக்குள்ளும் இடம் பொன்னுக்குச் சமம், அங்கே நியோடிமியம் இல்லாமல் நடக்காது. நெல் ஆலையில் இடத்துக்கு என்ன பஞ்சம்? சரிவுத் தொட்டியின் அடியில் இரண்டு அங்குலக் கனத்தில் ஒரு பெட்டி தொங்கினால் யாருக்கு இடைஞ்சல்?

அந்த 12,000 காஸ் கதைக்கு வருவோம். அது பொய் அல்ல. தண்டின் மேற்பரப்பில், உள்ளே காந்தத் துண்டுகளுக்கு இடையில் இரும்பு வில்லை இருக்கும் இடத்தில் அளவுகோலை ஒட்டிவைத்தால் அந்த எண் வரும். ஃபெரைட் தண்டில் அதே இடத்தில் இரண்டு மூன்றாயிரம்தான் வரும். ஆனால் நெல் தண்டை ஒட்டியே போவதில்லை. தண்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விலகினால் அந்தப் பன்னிரண்டாயிரத்தில் சிறு பங்குதான் மிஞ்சும், இன்னும் ஒரு சென்டிமீட்டர் போனால் அதுவும் கரைந்துவிடும். துருவங்கள் எவ்வளவு நெருக்கமாக மாறி மாறி வருகின்றனவோ அவ்வளவு வேகமாகப் புலம் தேயும். துருவங்கள் அகலமாகவும் காந்தம் கனமாகவும் இருந்தால் எட்டிப் பிடிக்கும் தூரம் கூடும்.

சரிவில் நெல் நான்கு விரல் கனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் மேலடுக்கில் ஒரு நட்டு மிதந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் கனமான ஃபெரைட் கட்டைகளை அடுக்கி, பின்புறம் இரும்புத் தகடு வைத்த பெட்டி அந்த நட்டைக் கீழே இழுத்துக்கொள்ளும். அதே விலைக்குக் கிடைக்கும் மெல்லிய நியோடிமியம் தகடு தன்மேல் உரசிப்போகும் தூளையெல்லாம் பிடித்துக்கொண்டு நட்டைக் கோட்டைவிடும். அதே கனத்தில், அதே அகலத்தில் நியோடிமியம் வாங்கினால் எல்லாத் தூரத்திலும் அதுதான் வெல்லும் என்பதையும் சொல்ல வேண்டும். அப்படி ஒன்றுக்கு விலை கேட்டுப் பாருங்கள், பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

சூடும் ஈரமும்

நம் பக்கம் புழுங்கல் அரிசிதான் பிழைப்பு. அம்பை 16 போன்ற குண்டு ரகங்கள் ஊறல் தொட்டி, ஆவி, உலர்த்தி என்று மூன்றையும் கடந்துதான் ரப்பர் ரோலுக்கு வருகின்றன. பச்சரிசி ஆலைக்குப் பொருந்துகிற காந்தக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாததற்கு இதுவே காரணம்.

சாதாரண நியோடிமியம் ரகம் 80 டிகிரி வரைதான் உத்தரவாதம். அதைத் தாண்டினால் இழக்கும் வலு ஆறினாலும் முழுதாகத் திரும்பாது. மறுபடியும் காந்தம் ஏற்றினால்தான் உண்டு. உலர்த்தியிலிருந்து வரும் நெல்லின் சூடு அந்த அளவுக்கு இருக்காது என்று விற்பவர் சொல்வார். நெல்லின் சூட்டைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. ஆனால் உலர்த்திக்குள் போகும் காற்று 100 டிகிரியைத் தொடும். எலிவேட்டர் அடைத்து ஓட்டம் நின்றுபோன ஒரு மதியம், அந்தக் காற்று காந்தம் இருக்கிற வாயிலேயே அரைமணி நேரம் சுற்றினால் என்ன ஆகும்? காந்தம் இருந்த இடத்திலேயே இருக்கும், பார்வைக்கு ஒரு மாற்றமும் தெரியாது, பிடிமானம் மட்டும் போயிருக்கும். அடுத்த முறை ரோல் வெட்டுப்படும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

120, 150 டிகிரி தாங்கும் நியோடிமியம் ரகங்கள் உண்டு. அவற்றில் டிஸ்ப்ரோசியம் என்ற அருமண் தனிமத்தைச் சேர்க்கிறார்கள். 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு கொண்டுவந்த ஏழு தனிமங்களில் டிஸ்ப்ரோசியமும் ஒன்று. அவற்றைக் கொண்டு செய்த காந்தங்களும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. இந்தியாவில் கார், மின் ஸ்கூட்டர் தயாரிப்பாளர்களே காந்தம் கிடைக்காமல் தவித்த செய்திகளை அப்போது எல்லோரும் படித்தோம். ஆக, நம் ஆலைக்கு வேண்டிய சூடு தாங்கும் ரகம்தான் சந்தையில் முதலில் காணாமல் போகிற ரகமும். சமாரியம் கோபால்ட் என்ற இன்னொரு காந்தம் 300 டிகிரி வரை தாங்கும், ஆனால் அது நெல் ஆலைக்கு வாங்குகிற பொருள் அல்ல, சமாரியமும் அதே பட்டியலில்தான் இருக்கிறது.

ஃபெரைட்டும் சூட்டில் வலு இழக்கும், நியோடிமியத்தைவிட வேகமாகவே: ஒரு டிகிரிக்கு 0.2 சதவீதம். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏறினால் ஏழில் ஒரு பங்கு போய்விடும். ஆனால் ஆறியதும் அவ்வளவும் திரும்பிவிடும். காந்த குணம் முற்றிலும் மறைவது 450 டிகிரியில், அதாவது ஆலையே பற்றி எரிந்தால் ஒழிய அந்தச் சூடு வராது. ஃபெரைட்டுக்கு உண்மையில் ஆகாதது குளிர். உறைநிலைக்கு வெகு கீழே போனால்தான் அதன் பிடிவாதம் தளர்ந்து நிரந்தரமாக வலு இழக்கும். அக்கினி நட்சத்திரத்தில் வேகிற பாளையங்கோட்டையில் அந்தக் கவலையை மற்றவர்களுக்கு விட்டுவிடலாம்.

ஈரத்தைப் பற்றி ஒரு சொல். நியோடிமியம் தண்டுகளை எவர்சில்வர் குழாய்க்குள் அடைத்து முனையை வெல்டிங் செய்துதான் தருகிறார்கள். அந்த வெல்டிங்கில் ஊசிமுனைத் துவாரம் இருந்தால் போதும். தண்ணீர் தெளித்து மெருகேற்றும் பாலிஷருக்கு அருகிலோ, ஆவி படியும் இடத்திலோ இருக்கிற தண்டு உள்ளேயே உதிர்ந்துபோவதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. குலுக்கிப் பார்த்தால் உள்ளே சரசரவென்று ஓசை வரும், அவ்வளவுதான் அடையாளம்.

ஆலையின் உள்ளூர் வெல்டர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: காந்தம் பொருத்திய சரிவில் ஒட்டுப்போட வேண்டியிருந்தால் காந்தத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அந்தச் சூட்டில் நியோடிமியம் செத்துவிடும். ஃபெரைட் வெடித்துக் கீறல் விடும். இதில் இரண்டுக்கும் பேதமில்லை.

துடைக்காத காந்தம்

காந்தத்தின் வலுவைவிட அதைத் துடைப்பதுதான் முக்கியம் என்று நான் சொன்னால் முதலாளிகள் சிரிக்கிறார்கள். இரும்பு சேரச் சேர காந்தத்தின் முகம் மூடிக்கொள்ளும். புதிதாக வருவது பழையதின்மேல் தொற்றும், நெல்லின் ஓட்டம் அதைக் கொத்தாக அடித்துக்கொண்டு போகும். ஒருநாள் முழுக்கச் சேர்ந்த இரும்பு ஒரே நேரத்தில் ரோலுக்குள் விழுவது, காந்தமே இல்லாமல் ஒவ்வொன்றாகப் போவதைவிட மோசம்.

ஃபெரைட் தகட்டைக் கதவுபோலத் திறந்து ஒரு சாக்குத் துண்டால் வழித்துவிடலாம். சின்னப் பையன்கூடச் செய்வான். நியோடிமியம் தண்டு அப்படி அல்ல. கம்பித் துணுக்குகள் மயிர்க்கால்போல நிமிர்ந்து நிற்கும். தண்டின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போனால்தான் கழன்று வரும், கையுறை இல்லாவிட்டால் உள்ளங்கையில் சிலாம்பு ஏறும். இரண்டு தண்டுகளுக்கு நடுவே விரல் மாட்டினால் நகம் கறுத்துவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் அந்தப் பக்கம் போகவே கூடாது. இரவு ஷிஃப்டில் இருக்கிற ஆள் இந்த வேலையைத் தள்ளிப்போடத்தான் பார்ப்பார், அவர்மேல் குற்றம் சொல்லவும் முடியாது. குழாயிலிருந்து காந்தத்தை உருவி எடுத்தால் இரும்பு தானே விழுகிற அமைப்பு உள்ள தண்டுகள் கிடைக்கின்றன. நியோடிமியம் வாங்குவது என்று தீர்மானித்தால் அதை மட்டும் வாங்குங்கள், கொஞ்சம் கூடுதல் விலையானாலும்.

பிடிபட்ட இரும்பை எறிய வேண்டாம். தேதி எழுதிய டப்பாவில் ஒரு வாரம் போட்டு வையுங்கள். துருவேறிய ஆணியும் கம்பியும் வயலிலிருந்தும் சாலையிலிருந்தும் வந்தவை. பளபளப்பான புதுச் சிம்பு கிடைத்தால் அது உங்கள் எந்திரத்திலிருந்து வந்தது. எலிவேட்டர் கோப்பையின் போல்ட் தேய்கிறதா, சல்லடை அரிபடுகிறதா என்று அன்றே பாருங்கள்.

நியோடிமியம் எங்கே வேண்டும்

உவரிக் கடற்கரை மணலை ஒரு தாளில் பரப்பி, பழைய ஒலிபெருக்கியின் ஃபெரைட் வளையத்தை அருகே காட்டுங்கள். கரும்பொடி கொஞ்சம்தான் தாவி ஒட்டும், அது மேக்னடைட். அதே மணலில் சுண்டு விரல் நகத்தளவு நியோடிமியத்தைக் காட்டினால் இல்மனைட்டும், சிவந்த கார்னெட் மணிகளும்கூடச் சேர்ந்து வரும். காந்தத்துக்கு அரைமனதாக மட்டுமே வசப்படுகிற பொருளை இழுக்க வலுவான புலம் வேண்டும் என்பதைக் கண்ணால் காண இதைவிட எளிய வழி இல்லை. கன்னியாகுமரியைத் தாண்டி மேற்குக் கடலோரத்தில் இருக்கும் மணவாளக்குறிச்சியில் பிரித்தெடுக்கப்படும் மோனசைட் மணலுக்குள்தான் நியோடிமியமும் இருக்கிறது. அதோடு தோரியமும் கலந்திருப்பதால் அந்த மணல் அணுசக்தித் துறையின் கட்டுப்பாட்டில் உள்ளது.

ஆலையில் அரைமனதுப் பொருள் எது என்றால், தேய்ந்து உதிரும் எவர்சில்வர் துணுக்கு. 304 ரக எவர்சில்வர் சாதாரணமாகக் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் அடிபட்டு வளைந்து தேய்ந்த துணுக்குக்குக் கொஞ்சம் காந்த குணம் வந்துவிடும். அதையும் நுண்ணிய துருத் தூளையும் ஃபெரைட் பிடிப்பதில்லை. அரிசி மூட்டைக்குப் போகிற கடைசிக் குழாயில் சூடும் இல்லை, ஈரமும் இல்லை, ஓட்டமும் மெல்லியது. அங்கே நியோடிமியம் தண்டுக் கம்பிவலை ஒன்றைப் பொருத்தினால் அது வாங்கிய காசுக்கு வேலை செய்யும். பெரிய வியாபாரிகளுக்கும் ஏற்றுமதிக்கும் அரிசி கொடுக்கிறவர்கள் இதைத் தவிர்க்க முடியாது.

மாவு அரைக்கிறவர்களுக்கு என் தீர்ப்பு தலைகீழாகிறது. கல்லிடைக்குறிச்சியில் அப்பளத்துக்கு உளுந்து மாவு அரைக்கிற ஆலையிலோ, மிளகாய், மல்லி அரைக்கிற மில்லிலோ பெரிய ஆணி வருவது அபூர்வம். அரைக்கும் தகடுகளே தேய்ந்து உதிர்க்கிற இரும்புப் பொடிதான் அங்கே எதிரி. மாவோடு மாவாகக் கலந்து மெதுவாக விழும் அந்தப் பொடிக்கு ஃபெரைட் போதாது. சூடு பெரிதாக இல்லாத இடம் என்பதால் நியோடிமியமே சரி. ஒவ்வொரு முறை அரைத்து முடிந்ததும் காந்தத்தைத் துடைத்தாக வேண்டும். தேயிலைத் தொழிற்சாலைகளில் இலையை நசுக்கும் பற்சக்கரங்கள் தேய்ந்து விழும் இரும்புத் தூளுக்கும் இதே வைத்தியம்தான்.

எந்தக் காந்தமானாலும் கல்லையும் பித்தளையையும் அலுமினியத்தையும் விட்டுவிடும். காந்தம் வாங்கியாயிற்று என்று கல்நீக்கியைக் கைவிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வாங்கும்போது

கொடை விழாக்களுக்கு மைக்செட் கட்டுகிறவர்களிடம் பழுதான ஒலிபெருக்கிகளின் காந்தங்கள் மலிவாகக் கிடைக்கும். அவற்றைத் தொட்டியின் வெளிப்புறம் ஒட்டவைத்துச் சமாளிக்கிற சின்ன ஆலைகள் உண்டு. தகரத் தொட்டியின் வெளியே ஒட்டினால் அந்தத் தகரமே புலத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும், உள்ளே மிஞ்சுவது சொற்பம். தொட்டிக்குள்ளேயே உறையில்லாமல் வைத்தால், நெல் மோதி ஓரம் உதிர்ந்து கறுப்புச் சில்லு அரிசியில் கலக்கும். ஃபெரைட் எவர்சில்வர் உறைக்குள்தான் இருக்க வேண்டும், காந்தம் பொருத்தும் இடத்தில் தொட்டியின் சுவரும் எவர்சில்வராக இருக்க வேண்டும்.

விற்பவரிடம் காஸ் எண்ணை மட்டும் கேட்டுத் திரும்பாதீர்கள். உறையின் மேலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி எவ்வளவு காஸ் என்று கேளுங்கள். காந்தக் கட்டையின் கனம் எவ்வளவு, பின்தகடு எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். நியோடிமியமானால் எத்தனை டிகிரி ரகம் என்பதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். "நல்ல ரகம்தான் அண்ணாச்சி" என்ற பதில் பில்லில் ஏறாது.

மீதிப் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. ஒரு சின்ன நட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, காந்தத்தை நோக்கி மெல்ல நகர்த்துங்கள். எந்தத் தூரத்தில் நூல் சாய்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து, அதே நட்டையும் நூலையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். வருடத்துக்கு ஒரு முறை, பிசான நெல் வருவதற்கு முன் தை மாத வாக்கில், அதே அளவை மறுபடி எடுங்கள். தூரம் குறைந்திருந்தால் நியோடிமியத்தைச் சூடோ துருவோ தொட்டிருக்கிறது என்று பொருள். ஃபெரைட்டில் குறைந்திருந்தால் உறையைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே கட்டை உடைந்திருக்கும். முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டியதில்லை, அந்த ஒரு கட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கார் பருவத்து நெல்லை மட்டும் அரைத்துவிட்டு மற்ற மாதங்களில் பூட்டிக்கிடக்கிற சின்ன ஆலை என்றால் கடைசி வாயில் நியோடிமியத்தைக்கூட இப்போதைக்கு ஒத்திப்போடலாம். நுழைவாயிலுக்கு ஒன்று, ரோலுக்கு முன் ஒன்று என்று இரண்டு ஃபெரைட் பெட்டிகளோடு தொடங்குங்கள். மிஞ்சுகிற பணத்தில் ஒரு ஜோடி ரப்பர் ரோலை உபரியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.